உறை பிரிக்காத நூறு கேசட்டுகள்

இங்கே நான் மதிப்பிடுவது ஒரு சேவையை. வீட்டில் உட்கார்ந்து எழுதிய பழைய கணினி விளையாட்டைக் கேசட்டில் பதிந்து, அட்டை அச்சிட்டு, பெட்டியில் போட்டு விற்றுத் தரும் சேவை அது. நடத்துபவர் ஒரே ஒருவர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் குறைகளில் பாதிக்கு நானே காரணம். மீதிப் பாதிக்காக ஒரு தனி மனிதரைச் சந்தியில் நிறுத்த எனக்கு மனமில்லை. இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் அவரைப் போலத் தனியாட்கள்தாம். ஆகவே யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் என் அனுபவம் உங்களுக்கு உதவும்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தொழிலுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. பகலில் நான் மெய்ப்புத் திருத்துநர். வல்லினம் மிகுமா மிகாதா என்று பிறர் எழுத்தைத் துருவிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இரவில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினிக்கு விளையாட்டு எழுதுகிறேன். 1982-ல் வெளிவந்த பொறி அது. கேசட்டில் ஒலியாகப் பதிந்த நிரலை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டும். இசட்80 செயலி, 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம், 49,152 பைட் நினைவகம். அதிலும் திரைக்கே 6,912 பைட் போய்விடும். எஞ்சியதில் ஒரு கலங்கரை விளக்கத்தையும் அதன் காவலரையும் 42 அறைகளையும் அடைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. காவலர் எண்ணெய்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். விடியும்வரை விளக்கு அணையக் கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு.

எழுதி முடித்ததும் வந்து நின்ற கேள்வி, இதைச் சும்மா கொடுப்பதா, பெட்டி போட்டு விற்பதா என்பது. இந்த வட்டத்தில் அதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. பொழுதுபோக்கை விற்பது பாவம் என்பது ஒன்று. சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. ஒருகாலத்தில் கேசட்டும் இலவசமும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. ‘க்ராஷ்’, ‘யுவர் சின்க்ளேர்’ போன்ற ஸ்பெக்ட்ரம் இதழ்கள் அட்டையில் கேசட்டை ஒட்டிக் கொடுத்தன. அவற்றில் முழு விளையாட்டுகளே இருந்தன. 1986-ல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனமும், ரோமின், அதாவது கணினிக்குள்ளேயே பதிந்துவரும் அடிப்படை நிரலின், உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டே, எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே இன்றைய கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் அதைக் காசில்லாமல் சேர்த்துத் தரலாம் என்று பின்னாளில் அனுமதித்தது. அந்தத் தாராளம் எனக்கும் பயன்பட்டது. என் விளையாட்டைப் பத்து முறை சோதித்தால் ஒன்பது முறை எமுலேட்டரில்தான் சோதித்தேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கும் களஞ்சியங்களில் தேடியவர்களுக்குத் தெரியும்: சில தலைப்புகளுக்கு அட்டைப்படம் இருக்கும், விளையாட்டுத் திரையின் படம் இருக்கும், கோப்பு மட்டும் இருக்காது. பகிர அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு நிற்கும். அந்த வரிசையில் என் காவலரும் போய் நிற்பதை நான் விரும்பவில்லை. அதே சமயம், என் பெயர் அச்சிட்ட கேசட் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசையும் விடவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்தேன். எது முதலில் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

வெளியீட்டாளரிடமிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். படித்தால் புரிகிற மொழியில் இருந்தது, அதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும். நூறு பிரதிகள். செலவு முழுவதும் அவருடையது. செலவு போக மிஞ்சுவதில் பாதி எனக்கு. பத்துப் பிரதிகள் எனக்குச் சும்மா. நிரலின் உரிமை என்னிடமே இருக்கும். இதுவரை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். ஆறாவது விதி மட்டும் வேறு மாதிரி: பெட்டி விற்பனைக்கு வந்து நான்கு மாதம் ஆகும்வரை கோப்பை இலவசமாக வெளியிடக் கூடாது. ஏன் என்று கேட்டேன். “சும்மா கிடைக்கிறது என்றால் யார் வாங்குவார்கள்?” என்று எழுதினார். அப்போது அது நியாயமாகப் பட்டது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு நல்ல பாடம். விளையாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று பட்டியல் கேட்டார். எழுத்துரு யாருடையது, இசையை ஒலிக்கவைக்கும் துணைநிரல் யாருடையது, தலைப்புத் திரைப் படம் யார் வரைந்தது. சும்மா வெளியிட்டிருந்தால் என்னிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டியல் போடும்போதுதான், நான் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த ஒலித் துணைநிரலின் முதல் வரியில், வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த வரி என் கண் முன்னால் இருந்திருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, ஸ்பெக்ட்ரமில் ஒலி எழுப்ப இருக்கும் ஒற்றை பீப்பரில் அலைச் சத்தம் வரவழைக்கும் துணைநிரலை நானே எழுத இரண்டு வாரம் பிடித்தது. அலை இப்போது கொஞ்சம் தகரம் உரசுவது போல ஒலிக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அச்சு வேலையைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. காகிதம் விஷயத்தில் நான் எளிதில் திருப்தி அடைகிற ஆள் இல்லை. ஸ்பெக்ட்ரமில் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறங்கள்தாம் வரும். மொத்தம் பதினைந்து நிறங்கள். அந்தப் பளீர்ப் பச்சையும் பளீர் நீலமும் திரையில் ஒளியாக வருபவை. நான்கு மை அச்சில் அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது. பச்சை மங்கிப் பாசி பிடித்தது போல ஆகும், நீலம் ஊதாப் பக்கம் சாயும். நான் அனுப்பிய அட்டையில் கடல் முழுக்கப் பளீர் நீலம். அவர் அதை அச்சுக்கு அனுப்பாமல், மூன்று மாற்று நீலங்களைச் சின்னத் துண்டுகளாக அச்சடித்து எனக்கு அஞ்சலில் அனுப்பினார். அதில் ஒன்று திரையில் இருப்பதை விட இருட்டு. ஆனால் விளக்கின் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் கடல் ஆழமாகத் தெரிந்தது. அதையே எடுத்துக்கொண்டோம். வெட்டு விளிம்புக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டிக் கொடுக்கச் சொன்னார். முதுகில் கிடைக்கும் அரை அங்குல அகலத்தில் தலைப்பு எப்படி உட்கார வேண்டும் என்று நான்கு மாதிரி காட்டினார். மடிப்புகள் கத்தி போல விழுந்திருந்தன. பல பதிப்பகங்களின் நூல் அட்டைகளைப் பார்த்தவன் சொல்கிறேன், இந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து.

கேசட் பதிவும் அப்படியே. என் விளையாட்டு ஏற நான்கரை நிமிடம் ஆகும். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஓடும் நாடாவே போதும் என்றேன். அவர் மறுத்து, சற்று நீளமான நாடாவைப் போட்டார். தொடக்கத்தில் சில வினாடிகள் காலியாக விட வேண்டும், இறுதியிலும் மூச்சு விட இடம் வேண்டும் என்றார். அதிவேகப் பிரதி எடுக்கும் கருவியைத் தொடாமல், ஒவ்வொரு கேசட்டையும் இயல்பான வேகத்திலேயே பதிந்தார். இரண்டு பக்கத்திலும் ஒரே நிரல். ஒரு பக்கம் சுருங்கினால் மறுபக்கம் கைகொடுக்கும். இது பழைய வழக்கம், பலரும் இன்று மறந்துவிட்டது. இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், ஸ்பெக்ட்ரம் நாடாவில் பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும் சரிபார்க்க ஒற்றை பைட் இருக்கும். நாற்பதாயிரம் பைட்டில் ஒரு பிட் தடுமாறினாலும் நான்கு நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தவரின் முகத்தில் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று எழுதிக் காட்டும். எனக்கு வந்த பத்தையும் இரண்டு பக்கமும் ஏற்றிப் பார்த்தேன். இருபதும் ஏறின.

இனி குறை. நான் இறுதி மெய்ப்பைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு, கையேட்டில் ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிகிறது என்று அவராகவே விசைகளின் பட்டியலைச் சுருக்கித் தட்டச்சு செய்திருக்கிறார். அதில் மேலே ஏறும் விசையும் கீழே இறங்கும் விசையும் இடம் மாறிவிட்டன. பெட்டியைத் திறந்து கையேட்டைப் புரட்டிய பத்தாவது வினாடியில் என் கண்ணில் பட்டது. மெய்ப்பு முடிந்த பக்கத்தில் கை வைக்கக் கூடாது என்பது அச்சுத் தொழிலின் பாலபாடம். கோபமாக ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். வருத்தம் தெரிவித்தார், அதோடு சரி. அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணம் கீழே.

நூறில் எனக்கு வந்த பத்து போக, மீதி தொண்ணூறும் பதினொரு நாளில் விற்றுத் தீர்ந்தன. அதன் பிறகு ஆறாவது விதி எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விற்க ஒரு பெட்டியும் இல்லை. கோப்பை வெளியிடவும் கூடாது. மூன்றரை மாதம் என் விளையாட்டு யாருக்கும் கிடைக்காத பொருளாக இருந்தது. அந்தக் காலம் முழுக்க வாங்கியவர்களிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை. பாராட்டுகள் வந்தன: அட்டை அழகு, கடலின் நீலம் அருமை, அலமாரியில் கம்பீரமாக இருக்கிறது. என் நிரல் குறையில்லாதது என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

நான்கு மாதம் முடிந்த அன்று, தனியாட்கள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் கோப்பை ஏற்றினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013 முதல் இயங்குகிறது. விலையைச் சுழியம் என்று வைத்து, விரும்பினால் தரலாம் என்று விட்டுவிடலாம். வருவதில் தளத்துக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம்; நாம் எதையும் மாற்றாவிட்டால் பத்து. பக்கம் தயாரிக்க ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்தது. கோப்பில் பிழை என்றால் புதியதை ஏற்றினால் முடிந்தது. இந்தக் கடைசி வசதியின் அருமை அன்று இரவே தெரிந்துவிட்டது.

ஏற்றிய இரண்டாவது மணி நேரத்தில் ஒரு கடிதம். “கோப்பைக் கேசட்டில் பதிந்து என் பழைய 48கே கணினியில் ஏற்றினேன். தலைப்புத் திரை வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. காவலர் வலப்பக்கம் ஓடிக் கடலில் விழுகிறார். மறுபடி தொடங்குகிறது, மறுபடி விழுகிறார். இது முன்னோட்டக் காட்சியா?”

முன்னோட்டக் காட்சி எதையும் நான் எழுதவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது, அதுதான் அவமானம். கெம்ப்ஸ்டன் என்பது ஸ்பெக்ட்ரமின் பின்னால் செருகும் ஒருவகை ஜாய்ஸ்டிக் இடைமுகம். அந்த ஜாய்ஸ்டிக்கைப் படிக்க, வெளிக்கருவிகளோடு செயலி பேசும் வாயில்களில் 31-ஆம் போர்ட்டைப் பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக் இடைமுகம் மாட்டியிருந்து யாரும் எதையும் அழுத்தாவிட்டால் சுழியம் வரும். இடைமுகமே இல்லாத கணினியில் அந்தப் போர்ட்டைப் படித்தால் பெரும்பாலும் 255 வரும். அதாவது எல்லாத் திசையும் எல்லாப் பொத்தானும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டது போல. தலைப்புத் திரையில் சுடும் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் ஜாய்ஸ்டிக்குடன் தொடங்கும் என்று எழுதியிருந்தேன். இடைமுகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பொறிக்கு எழுதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் என் எமுலேட்டரில் கெம்ப்ஸ்டன் எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு முறை உண்மையான கணினியில் சோதித்தபோதும், அதன் பின்னால் இடைமுகம் நிரந்தரமாகச் செருகியிருந்தது. பிறர் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடும் கண்ணுக்குத் தன் நிரலில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

ஆக, இடைமுகம் இல்லாத எந்தக் கணினியிலும் என் கேசட் விளையாட முடியாத பொருள். விளையாட்டு தானே தொடங்கி, தானே தோற்று, மறுபடி தானே தொடங்கும். அப்படிப்பட்ட தொண்ணூறு கேசட்டுகள் நான்கு மாதமாக வெளியே இருக்கின்றன. ஒருவரும் மூச்சு விடவில்லை. கோப்பு வெளியானதும் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

வெளியீட்டாளருக்கு எழுதினேன். “யாரும் குறை சொல்லவில்லையே, அப்படியே விட்டுவிடலாம்” என்று பதில் வந்தது. இந்த மதிப்புரையில் நான் உண்மையாகவே மதிப்பெண் குறைக்கும் இடம் இது. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் ஓடவில்லை. கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நூல்களில் பிழைதிருத்தத் தாள் வைப்பதில்லையா, அதையே செய்வோம் என்றேன். மூன்று கடிதங்களுக்குப் பிறகு சம்மதித்தார். சம்மதித்த பிறகு வேலையில் குறை வைக்கவில்லை. கையேட்டின் அதே காகிதத்தில், அதே எழுத்துருவில் அச்சடித்து, வாங்கிய எல்லோருக்கும் அஞ்சலில் அனுப்பினார். அஞ்சல் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். ‘லோட்’ கட்டளைக்குப் பதில் ‘மெர்ஜ்’ கொடுத்தால், நாடாவின் தொடக்கத்தில் உள்ள, பேசிக் மொழியில் எழுதிய சின்ன நிரல் தானாக ஓடாமல் நிற்கும். அதன் இறுதி வரியில் ஆட்டத்தைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால், நினைவகத்தில் ஒரு பைட்டை மாற்றும் ‘போக்’ கட்டளை ஒன்றைச் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு முகவரியில் சுழியத்தை வைத்தால், பொத்தான் அழுத்தப்பட்டிருந்தாலும் நிரல் தாவாமல் அடுத்த கட்டளைக்கே போகும். விசைப்பலகையில் தொடங்கி நிம்மதியாக விளையாடலாம். நிரலைச் சுருக்காமல் பதிந்திருந்ததால்தான் ஒற்றை பைட்டில் வேலை முடிந்தது. மேலேறும் விசை, கீழிறங்கும் விசை பற்றிய திருத்தத்தையும் அதிலேயே சேர்த்தோம். அவர் பிழை ஒரு வரி, என் பிழை எட்டு வரி. அந்தத் தாளை ஏழு முறை மெய்ப்புப் பார்த்தேன்.

தாள் போய்ச் சேர்ந்ததும் பதினைந்து பேர் போலப் பதில் எழுதினார்கள். இரண்டு பேர் பிழையை முன்பே பார்த்ததாகவும், தங்கள் கணினிதான் பழுது என்று நினைத்ததாகவும் சொன்னார்கள். அவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். இன்னொருவர் உண்மையாகவே கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார். மீதிப் பேர் எழுதியது ஏறக்குறைய ஒன்றுதான்: பெட்டியின் உறையைப் பிரிக்கவே இல்லை, விளையாடுவதற்கு இலவசக் கோப்பு எப்போது வரும் என்று காத்திருந்தோம். ஒருவர், தாளின் மூலை மடங்கிவிட்டது, வேறொன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

சும்மா கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்காது. வாங்கியவர்கள் பெட்டியை வைத்துக்கொள்ள வாங்கினார்கள், கோப்பை விளையாடக் காத்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஆட்கள். ஆறாவது விதி அவர்களைக் கடையில் பிடித்துவைக்கவில்லை. நான்கு மாதம் விளையாட விடாமல்தான் வைத்திருந்தது. எனக்கு அது இன்னும் மோசமாகப் போனது. கோப்பை முதலில் வெளியிட்டு மூன்று மாதம் விட்டிருந்தால், யாரோ ஒருவர் இடைமுகம் இல்லாத கணினியில் ஏற்றியிருப்பார், காவலர் கடலில் விழுவதைப் பார்த்திருப்பார், சரியான நிரல் நாடாவில் ஏறியிருக்கும்.

அச்சுக்கும் பதிவுக்கும் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. கணக்கும் நேர்மை, இரண்டு முறை அறிக்கை அனுப்பினார், இரண்டும் கூட்டினால் சரியாக வந்தது. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. “விட்டுவிடலாம்” என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒன்று, மெய்ப்புக்குப் பின் கை வைத்ததற்காக அரை.

இரண்டாம் பதிப்பு ஐம்பது பிரதி போடலாமா என்று போன மாதம் அவரே கேட்டார். திருத்திய நிரலை அனுப்பிவிட்டேன். இந்த முறை இடைமுகத்தைக் கழற்றி வைத்துச் சோதித்தேன். மூன்று நிபந்தனைகள் எழுதினேன்: ஆறாவது விதி வேண்டாம்; கையெழுத்திட்ட மெய்ப்பில் ஒரு புள்ளியும் மாறக் கூடாது; பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடக் கூடாது. முதல் இரண்டுக்கும் அன்றே சம்மதம் வந்தது. மூன்றாவதற்கு ஒரு வாரம் கழித்து எழுதினார்: “உறை இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள்.”